கண்டிப்பான மேடத்திட்ட அரசறிவியல் படிக்கப்போறீங்களா? ரிபீட் அடிச்ச ஒருத்தன்ர முழு வழிகாட்டி

முதல்லயே சொல்லிடுறன், இந்தக் கோர்ஸ்ல நான் ஒருக்கா விழுந்து எழும்பினவன். முதல் தடவ டி, ரிபீட்ல சி, ரிபீட்காரனுக்கு அதுக்கு மேல தரமாட்டாங்க எண்டது எங்கட கம்பஸ் விதி, மறுகா அதே மேடத்தின்ர அடுத்த வருசக் கோர்ஸ்ல ஏ மைனஸ். இடையில எனக்கு மூளை ஒண்டும் கூடிரல்ல, அவங்க என்னத்தத் தேடிப் பேப்பர் திருத்துறாங்க எண்டது பிடிபட்டுட்டு, அவ்வளவுதான். ஏஎல் எண்ட உயர்தரப் பரீட்சைல அரசியல் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்த ஆள் நான், மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடில இருந்து கையில ஏஎல் நோட்ஸோட நெஞ்ச நிமித்திக்கொண்டு பஸ் ஏறினவன், யோசிச்சுப் பாத்தா அந்த ஏ தான் என்ன விழுத்தினதும். ஏஎல்ல பொயின்ட் போட்டா மார்க்ஸ். எட்டுப் பொயின்ட் பாடமாக்கி எட்டையும் இறக்கினா முடிஞ்சுது. மேடத்திட்ட அந்த எட்டுப் பொயின்டும் எடுபடாது, எட்டுல எது முக்கியம், ஏன் முக்கியம், எதிர்ப்பக்கம் நிக்கிறவன் என்ன சொல்லுவான் எண்டுதான் கேப்பாங்க. இத மனசுல வைச்சிக்கொண்டு கீழ வாசியுங்க.

ஸ்டெப் 1: பதியிறதுக்கு முதல்

சீனியர்மார்ட்டப் போய் "மேடம் எப்பிடி?" எண்டு கேக்காதீங்க. "பொல்லாத ஆள்", "போன வருசம் பாதிப்பேர் பெயில்", "சிரிக்கவே மாட்டாங்க", இப்பிடி பேய்க்கதைதான் வரும். கேக்க வேண்டியது, "பாஸ்ட் பேப்பர் இருக்கா? மேடம் திருத்தித் தந்த அசைன்மென்ட் ஏதும் கைவசம் இருக்கா?" எண்டு. சிவப்புப் பேனையால கோடு போட்ட ஒரு பழைய அசைன்மென்ட் கிடைச்சா அது பத்து சீனியரின்ர அட்வைஸுக்குச் சமன், தங்கம் மாதிரி வைச்சிருங்க.

பாஸ்ட் பேப்பர ஒரு அஞ்சு வருசத்துக்கு போட்டோக்கொப்பி அடிச்சு, கேள்வியின்ர கடைசிச் சொல்ல மட்டும் வட்டம் போடுங்க. விளக்குக, ஒப்பிடுக, மதிப்பிடுக, விமர்சன ரீதியாக ஆராய்க. நான் முதல் தடவ எல்லாக் கேள்விக்கும் "விளக்குக" எண்டு நினைச்சித்தான் விடை எழுதியிருக்கன், அது டி வந்தபிறகுதான் தெரிஞ்சது. வட்டம் போட்டுப் பாத்தா மேடத்தின்ர பேப்பர்ல வெறும் விளக்குக ஒண்டோ ரெண்டோதான், மிச்சமெல்லாம் உங்கட தலைய வைச்சு ஒரு முடிவு சொல்லச் சொல்ற கேள்விகள்.

கோர்ஸ் அவுட்லைன் தருவாங்க, எல்லாரும் மடிச்சு ஃபைலுக்குள்ள வைச்சிட்டு மறந்துடுற பேப்பர் அது. எங்கட கோர்ஸ்ல தொடர் மதிப்பீட்டுக்கு 40, கடைசிப் பேப்பருக்கு 60. அந்த 40 இல அசைன்மென்ட், பிரசென்டேசன், மிட் மூண்டும் கிடக்கு. பெயிலாகிற ஆக்கள் அனேகமா கடைசிப் பேப்பர்ல பெயிலாகிறதில்ல, இந்த 40 இல பன்னிரண்டு எடுத்திட்டு மிச்சத்த ஒரே நாள்ல புடிக்கப் பாத்துத்தான் விழுறது.

ஸ்டெப் 2: கதவு மூடுறதுக்கு முதல் உள்ள போங்க

எட்டு மணிக்கு லெக்சர் எண்டா எட்டு மணிக்கு கதவு மூடும். எட்டு அஞ்சுக்கு வந்தா வெளியதான். முதல்ல எனக்குக் கோவம், தூர இருந்து பஸ்ல வாற எங்களுக்கும் பக்கத்துல போர்டிங்ல கிடக்கிறவனுக்கும் ஒரே சட்டமா எண்டு. மறுகா ஒரு பஸ் முந்தி ஏறப் பழகினன். 80% அட்டென்டன்ஸ் இல்லாட்டி பரீட்சைக்கு இருக்க ஏலாது எண்டது எங்கட விதி, அதுல மெடிக்கல் போட்டுத் தப்பலாம் எண்டு நினைச்சவன் ரெண்டு பேர் கடைசில ஒஃபிஸ் ஒஃபிஸா அலைஞ்சத கண்ணால கண்டவன் நான்.

மாரி காலத்துக்கு ஒரு தனித் திட்டம் வேணும். எங்கட பக்கம் கார்த்திக, மார்கழில மழை துவங்கினா ரோட்டால தண்ணி போகும், கரண்டும் போகும், அசைன்மென்ட் ஒப்படைக்கிற திகதியும் அப்பதான் வரும். பிரின்ட் எடுக்கிறத கடைசி நாளுக்கு வைக்காதீங்க, நான் ஒருக்கா நாலு கொமினிகேசன் கடை ஏறி இறங்கி எங்கயும் கரண்ட் இல்லாம கையால எழுதிக் கொடுத்தன், பதினொரு பக்கம்.

ஸ்டெப் 3: முதல் நாள் பொறி

முதல் லெக்சர்ல மேடம் வந்து, பேர் ஊர் ஒண்டும் கேக்காம, ஒரு கேள்வி கேட்டாங்க: "இலங்கைல நிறைவேற்று ஜனாதிபதி முறை எப்ப வந்தது?"

நூறு பேரும் ஒரே குரல்ல, "1978 யாப்போட மேடம்."

"1978 யாப்பு எப்ப நடைமுறைக்கு வந்தது?"

முன் வாங்குல ஒரு பிள்ளை, "செப்டெம்பர் 7."

"அப்ப ஜே. ஆர். ஜயவர்தன ஜனாதிபதியாச் சத்தியப்பிரமாணம் எடுத்தது 1978 பெப்ரவரி 4. ஏழு மாசமா அவர் எந்த யாப்புக்குக் கீழ ஜனாதிபதி?"

ஊசி விழுந்தா கேக்கும். விசயம் என்னெண்டா, 1972 யாப்புக்கு, அதாவது அரசியலமைப்புக்கு, 1977 ஒக்டோபர்ல ரெண்டாவது திருத்தம் கொண்டுவந்து, ஜனாதிபதியே நேர அரசாங்கத்த நடத்துற அந்த முறைய அதுக்குள்ளயே புகுத்திட்டாங்க, புது யாப்பு மறுகாதான் வந்தது. நாங்க எல்லாரும் ஏஎல்ல "1978 யாப்பின் பிரதான அம்சம்" எண்டு பாடமாக்கினதால ரெண்டையும் ஒண்டாவே கட்டி வைச்சிருந்தம். இதுல இருந்து நான் எடுத்த பழக்கம், எந்த வருசத்தப் படிச்சாலும் அதுக்கு முன்னால என்ன இருந்தது, அதுல இருந்து இது எப்பிடி வந்தது எண்டு ஒரு வரி பக்கத்துல எழுதுறது. 1833 கோல்புறூக், 1910 குறூ மக்கலம், 1920 மனிங், 1924 மனிங் டெவன்ஷயர், 1931 டொனமூர், 1947 சோல்பரி, 1972, 1978 எண்டு யாப்புச் சீர்திருத்தங்களச் சும்மா ஏணி மாதிரிப் பாடமாக்கினா அது பஸ் டைம்டேபிள்தான். 1931 இல சர்வசன வாக்குரிமை வந்தது, துறைகள நடத்த நிர்வாகக் குழு ஏழு இருந்தது, அந்தக் குழு முறைய சோல்பரி ஏன் தூக்கி எறிஞ்சு மந்திரிசபை முறைக்குப் போனது எண்டு கேட்டீங்கெண்டாத்தான் அது அரசறிவியல்.

ஸ்டெப் 4: சொல்லுக்கு ஒரு கொப்பி

நாப்பது பக்கக் கொப்பி ஒண்டு வாங்கி சொல்லுக்கு மட்டும் வைங்க. நாங்க ஒரு சொல்லப் பிழையாப் பாவிச்சா மேடம் அந்தப் பந்திய முழுக்க வாசிக்கிறதே இல்ல. எங்கட பெட்ச்ல அதிகம் பேர் அடி வாங்கின இடம் அதிகாரப் பரவலாக்கமும் அதிகாரப் பகிர்வும். ரெண்டும் ஒண்டுதானே எண்டு நாங்க. அவங்க தந்த உதாரணம் இண்டைக்கும் மறக்கல்ல: "உன்ர ஊர்ல பிரதேச செயலகமும் இருக்கு, பிரதேச சபையும் இருக்கு. ரெண்டும் ஒண்டா?"

சனம் ரெண்டையும் குழப்பிக்கொண்டுதான் திரியும். பிரதேச செயலாளர கொழும்பு அனுப்புது, அவர் கொழும்புக்குப் பதில் சொல்றவர், கச்சேரில, அதான் மாவட்டச் செயலகத்துல, இருக்கிற அரசாங்க அதிபரும் (ஜீஏ) அப்பிடித்தான். மட்டக்களப்பு மாவட்டத்துல 14 பிரதேச செயலகம் இருக்கு, 14 உம் மத்திய அரசின்ர கை நீண்டு ஊர் வரைக்கும் வந்தது, அவ்வளவுதான். அது பரவலாக்கம். பிரதேச சபைக்கு ஆளத் தெரிவு செய்யிறது நாங்க, வோட் போட்டு. மாகாண சபையும் அப்பிடி, அதுக்குச் சட்டம் இயற்றுற அதிகாரமே யாப்புல எழுதிக் கிடக்கு. அது பகிர்வு. இத விளங்கினபிறகு எனக்கு நியூஸ்பேப்பர் பாக்கிறதே வேற மாதிரி ஆயிட்டு, அரசியல்வாதி மேடையில எந்தச் சொல்லப் பாவிக்கிறார் எண்டத வைச்சே அவர் என்னத்த ஒளிக்கிறார் எண்டு பிடிக்கலாம்.

கொப்பில ஒரு சொல்லுக்கு மூண்டு விசயம் எழுதுங்க: சொந்த வசனத்துல அர்த்தம், ஊர் உதாரணம், இதோட ஆக்கள் குழப்புற மற்றச் சொல். இறைமை (ஆக மேலான அதிகாரம்), ஒற்றையாட்சி (அதிகாரம் மத்தியில), சமஷ்டி (மத்தியும் மாநிலமும் பகிர்ந்து ஆளுறது), சட்டவாட்சி (எல்லாருக்கும் மேல சட்டம்), வலுவேறாக்கம் (சட்டம் இயற்ற, ஆட்சி நடத்த, நீதி சொல்ல வேற வேற ஆக்கள்), இந்த அஞ்சையும் முதல் கிழமையிலயே முடிச்சிருங்க.

ஸ்டெப் 5: யாப்பையே வாசியுங்க, யாப்பப் பத்தின நோட்ஸ இல்ல

பாராளுமன்ற வெப்சைட்ல தமிழ்லயே கிடக்கு, டவுன்லோட் பண்ணி போன்ல போட்டு வைங்க. முழுக்க வாசிக்கச் சொல்லல்ல. 2 ஆம் உறுப்புரை அரசு ஒற்றையாட்சி எண்டுது, 3 இறைமை மக்களுக்கு எண்டுது, 4 அந்த இறைமைய ஆர் ஆர் பாவிக்கிறது எண்டுது, மூண்டாம் அத்தியாயம் அடிப்படை உரிமை, 18 மொழி, 83 எதெதுக்கு சர்வசன வாக்கெடுப்பு வேணும் எண்டது, 99 வாக்குக்கு ஏத்தமாதிரி ஆசனம் பிரிக்கிற விகிதாசார முறை, 154அ ல இருந்து மாகாண சபை, கடைசில ஒன்பதாம் அட்டவணையின்ர மூண்டு பட்டியல், மாகாண சபைக்கு எது, மத்திக்கு ஒதுக்கினது எது, ரெண்டுக்கும் பொது எது எண்டு. இவ்வளவும் ரெண்டு பின்னேரத்து வேலை.

ஒரு கதை சொல்றன். எங்கட பெட்ச்ல ஒருத்தன் சாட்ஜிபிடிட்டக் கேட்டு அசைன்மென்ட் எழுதினான், அழகான தமிழ், பாத்தா பேராசிரியர் எழுதினமாதிரி. அதுல "யாப்பின் 190 ஆம் உறுப்புரை" எண்டு ஒண்டு. மேடம் அவன முன்னுக்குக் கூப்பிட்டு யாப்புப் புத்தகத்தக் கையில கொடுத்து, "தம்பி, 190 ஐ ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க" எண்டாங்க. பக்கத்தப் புரட்டுறான் புரட்டுறான், யாப்பு 172 ஓட முடியுது. சத்தம் போடல்ல, ஏசல்ல, அவன் புத்தகத்த மூடும் வரைக்கும் கையக் கட்டிக்கொண்டு நிண்டாங்க, அதுதான் பெரிய அடி. ஏஐய ஆங்கிலப் பந்தி விளங்கப்படுத்தச் சொல்லிக் கேளுங்க, பிழையில்ல, உறுப்புரை நம்பரும் திகதியும் மட்டும் மூலத்துல பாக்காம எழுதிராதீங்க.

ஸ்டெப் 6: சிந்தனையாளர்மார், அவங்களுக்கு என்ன பயம்?

ஹொப்ஸ், லொக், ரூசோ மூண்டு பேரையும் ஒரே நோட்ஸ்ல படிச்சா மூண்டு பேரும் "சமூக ஒப்பந்தம்", அதாவது சனம் தங்களுக்குள்ள ஒப்பந்தம் செஞ்சுதான் அரச உண்டாக்கினது, எண்டு ஒரே கதைய கொஞ்சம் கொஞ்சம் மாத்திச் சொல்றமாதிரி இருக்கும், பரீட்சைல குழம்பும். நான் கண்டுபிடிச்ச வழி, இந்த ஆள் எழுதேக்குள்ள இவருக்கு எது பயம் எண்டு கேக்கிறது. ஹொப்ஸ் எழுதினது 1651 இல. 1642 இல இங்கிலாந்துல உள்நாட்டுப் போர் துவங்கி, 1649 இல மன்னர் முதலாம் சார்ள்ஸின்ர தலையயே வெட்டிட்டாங்க. அந்த மனுசனுக்குப் பயம் அராஜகம், அதனால ஆளுறவன் கையில அதிகாரத்த முழுசாக் கொடு எண்டார். லொக்கின்ர அரசியல் எழுத்து வந்தது 1689 இல, இரண்டாம் ஜேம்ஸ் நாட்ட விட்டு ஓடினபிறகு. அவருக்குப் பயம் கட்டுக்கடங்காத மன்னர், அதனால அரசு ஒப்பந்தத்த மீறினா சனம் எதிர்க்கலாம் எண்டார். ரூசோ 1762. அவருக்குச் சமனில்லாத சமுதாயமும், சனத்தின்ர இறைமைய வேற ஒருத்தன் பிரதிநிதி எண்டு வாங்கிக்கொண்டு போறதும்தான் கண்ணுல குத்தினது.

இத வீட்ட வந்து சோறு திங்கேக்குள்ள அம்மாட்டச் சொன்னன். போர் காலத்துல எங்கள வளத்த மனுசி. கேட்டுட்டு, "ஓம் மனே, ஆர் ஆண்டா என்ன, ராவைக்கு நிம்மதியாப் படுத்து எழும்பினாக் காணும்" எண்டா. பக்கத்துல இருந்த மாமா, "அப்ப ஆளுறவனே வந்து அடிச்சா ஆருட்டப் போய்ச் சொல்ற?" எண்டார். ஹொப்ஸும் லொக்கும் எங்கட குசினிக்குள்ளயே சண்ட பிடிச்சாங்க. அடுத்த ட்யூட்டோரியல்ல இத அப்பிடியே சொன்னன், அண்டைக்குத்தான் மேடம் சிரிச்சத முதல் தடவையாக் கண்டது.

ஆங்கிலக் கட்டுரை தருவாங்க, இருவது முப்பது பக்கம். முதல் வரில இருந்து அகராதி பாத்து வாசிச்சா மூண்டாம் பக்கத்துல நித்திர வரும். முதல் ரெண்டு பந்தி, கடைசி ரெண்டு பந்தி, மறுகா நடுவுல ஒவ்வொரு பந்தியின்ர முதல் வசனம், அவ்வளவும் வாசிச்சு "இவர் ஆரோட வாதாடுறார்?" எண்டு தமிழ்ல ரெண்டு வரி எழுதுங்க. அந்த ரெண்டு வரி வரல்லயெண்டா மட்டும் திரும்ப உள்ள போங்க.

ஸ்டெப் 7: அசைன்மென்ட், இங்கதான் உயிர்

என்ர முதல் அசைன்மென்ட் 13 ஆம் திருத்தம். அதுல இப்பிடி ஒரு பந்தி எழுதியிருந்தன்: "13 ஆம் திருத்தச் சட்டத்தின் மூலம் மாகாண சபைகள் உருவாக்கப்பட்டன. இதன்மூலம் காணி, பொலிஸ் உள்ளிட்ட பல அதிகாரங்கள் வழங்கப்பட்டன. இது இனப்பிரச்சினைக்கான தீர்வாகப் பார்க்கப்படுகின்றது."

பாத்தா நல்லாத்தானே இருக்கு? திரும்பி வரேக்குள்ள ஒவ்வொரு வினைச்சொல்லுக்குக் கீழயும் சிவப்புக் கோடு. "உருவாக்கப்பட்டன, ஆர் உருவாக்கினது? எந்த அழுத்தத்துல?" "வழங்கப்பட்டன, உண்மையாவா? பட்டியலப் பார்." "பார்க்கப்படுகின்றது, ஆர் பாக்கிறது?" 100 க்கு 31.

ரிபீட்ல அதே தலைப்பு வந்தது, அதே பந்திய இப்பிடி எழுதினன்: "1987 ஜூலை இலங்கை இந்திய ஒப்பந்தத்தைத் தொடர்ந்து அதே ஆண்டு நவம்பரில் 13 ஆம் திருத்தம் வந்தது. காணி மாகாண சபைப் பட்டியலில் இருக்கின்றது. ஆனால் அதற்கான பின்னிணைப்பு அரச காணியைக் குடியரசிடமே வைத்திருக்கின்றது, எல்லா விடயங்கள் மீதுமான தேசியக் கொள்கை ஒதுக்கிய பட்டியலில் இருக்கின்றது, ஆளுநரை நியமிப்பது ஜனாதிபதி. ஆகவே காணி அதிகாரம் பட்டியலில் மாகாணத்துக்கும் நடைமுறையில் மத்திக்கும் இருக்கின்றது என்பதே எனது வாதம்."

வித்தியாசத்தப் பாருங்க. ரெண்டாவதுல ஆர் எண்டது இருக்கு, எங்க எழுதியிருக்கு எண்டது இருக்கு, கடைசில என்ர முடிவு இருக்கு. பிழையெண்டு ஆரும் வாதாடலாம், ஆனா வாதாடுறதுக்கு ஒரு பிடி இருக்கு. மேடம் தேடுறது அந்தப் பிடியத்தான். மறுகா ஒரு பந்தி எதிர்ப்பக்கத்துக்கு எழுதணும், அத மறந்தா பத்து மார்க்ஸ் போச்சு. இந்தத் திருத்தம் ஒற்றையாட்சிக்கே ஆப்பு எண்டு சொன்ன ஆக்களும் இருந்தாங்க, உயர் நீதிமன்றத்துல 9 நீதியரசர்மார் இருந்து கேட்டு, அவங்களே ரெண்டாப் பிரிஞ்சுதான் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பக்கத்தின்ர நல்ல வாதத்த எடுத்து நேர்மையா எழுதி, அதுக்குப் பதில் சொல்லுங்க. நோஞ்சான் வாதத்த எடுத்து உதைக்கிறது மேடத்துக்குப் பிடிக்காது.

ஊர் உதாரணம் போடுங்க, ஆனா கோவத்தப் போடாதீங்க. எங்கட ஆக்களுக்கு, எனக்கும்தான், அரசியல் எண்டா வீட்டுக்குள்ள நடந்த கதை, எழுதேக்குள்ள கண்ணீர் வாற விசயம். மேடம் ஒருக்கா ஒரு பிள்ளைக்கு எழுதினாங்க, "உங்கட வலிய நான் மதிக்கிறன், இந்தப் பக்கத்துல எனக்கு அத விளங்கப்படுத்துங்க." அந்தப் பிள்ளை அத எழுதி மேசைக்கு மேல ஒட்டி வைச்சிருந்திச்சு. 2017 இல பதவிக்காலம் முடிஞ்ச கிழக்கு மாகாண சபைக்கு மறுகா தேர்தலே நடக்காமக் கிடந்தது, ஆளுநர் மட்டும் இருந்து நடத்தினது, இதையே எடுத்து "தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லாத அதிகாரப் பகிர்வு பகிர்வா?" எண்டு கேட்டா முழு அசைன்மென்டும் அதுக்குள்ள நிக்கும்.

தகவல் வேணுமெண்டா 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டத்துக்குக் கீழ கடிதம் போடலாம், 14 வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லணும். நான் ஒரு பிரதேச சபைக்குப் போட்டன், பதில் வரக்கொள்ள அசைன்மென்ட் திகதி முடிஞ்சு போச்சு, அதனால செமஸ்டர் துவங்கின உடனயே போடுங்க. பழைய நூல், பழைய பத்திரிகை வேணுமெண்டா நூலகம் எண்ட இணையத்தளத்துல ஈழத்து நூல்கள் வருசக்கணக்காக் குவிஞ்சு கிடக்கு, காசில்லாம வாசிக்கலாம்.

ஸ்டெப் 8: விகிதாசாரக் கணக்க கையால போட்டுப் பாருங்க

தேர்தல் முறை கட்டாயம் வரும். "விகிதாசார முறையின் நன்மை தீமை" எண்டு அஞ்சு அஞ்சு பொயின்ட் எழுதுறதுக்குப் பதிலா ஒரு கணக்கப் போட்டுக் காட்டினா மேடத்துக்கு வாயெல்லாம் பல்லு. பாராளுமன்றம் 225, அதுல 196 மாவட்டத்தால, 29 நாடு முழுக்க எடுத்த வாக்கப் பாத்துக் கட்சிகளுக்குக் கொடுக்கிற தேசியப் பட்டியல். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 5 ஆசனம். சும்மா ஒரு கற்பனைக் கணக்குப் பாப்பம். செல்லுபடியான வாக்கு 300,000. தயிர்ச்சட்டிக் கட்சிக்கு 100,000, நண்டுக் கட்சிக்கு 90,000, கஜுக் கட்சிக்கு 70,000, பன்பாய்க் கட்சிக்கு 30,000, மிச்சம் 10,000 ஐ சுயேச்சைக் குழுக்கள் பிச்சுப் பிடுங்கிட்டு.

முதல்ல 5% வெட்டு, அதாவது 15,000 க்குக் கீழ எடுத்த ஆக்கள் வெளிய. அந்த 10,000 ஐக் கழிச்சா 290,000. ஆகக் கூட எடுத்த தயிர்ச்சட்டிக்கு போனஸ் ஆசனம் ஒண்டு. இப்ப மிச்சம் 4 ஆசனம், 290,000 ஐ 4 ஆல பிரிச்சா 72,500. ஒவ்வொரு கட்சியின்ர வாக்குக்குள்ளயும் 72,500 எத்தின தரம் போகுது எண்டு பாக்கணும். தயிர்ச்சட்டிக்கு ஒருதரம், மீதி 27,500. நண்டுக்கு ஒருதரம், மீதி 17,500. கஜுக்கு இல்ல, 70,000 உம் மீதி. பன்பாய்க்கும் இல்ல, 30,000 மீதி. இன்னும் ரெண்டு ஆசனம் கிடக்கு, அது மீதி கூடின ஆளுக்கு, முதல் கஜு, அடுத்தது பன்பாய். கடைசில தயிர்ச்சட்டி 2, நண்டு 1, கஜு 1, பன்பாய் 1.

இப்ப நண்டுக்காரன் இருக்கிற கோவத்தப் பாருங்க, 90,000 எடுத்தவனுக்கும் 30,000 எடுத்தவனுக்கும் ஒரே ஒரு ஆசனம். ஆனா பன்பாய்க்கு வோட் போட்ட 30,000 சனத்துக்கும் ஒரு குரல் கிடைச்சிருக்கு, ஒரு தொகுதிக்கு ஆகக் கூட எடுத்த ஒருத்தர் மட்டும் வெல்ற தொகுதி முறை எண்டா கிடைச்சிராது. நன்மையும் தீமையும் ஒரே கணக்குக்குள்ள. அதோட வெட்டு முதல்ல 12.5% ஆ இருந்தது, 1988 இல 15 ஆம் திருத்தத்தாலதான் 5% ஆனது, பழைய வெட்டு எண்டா 37,500, பன்பாய் ஆளே இல்ல. சின்னக் கட்சிகளுக்கு அந்தத் திருத்தம் என்ன செஞ்சது எண்டத இத விட லேசா விளங்கப்படுத்த ஏலாது. அம்பாறைப் பக்க ஆக்கள் இதே கணக்க 7 ஆசனத்துக்குப் போடுங்க, போனஸ் போக 6 ஆல பிரிக்கணும். உங்கட தேர்தல் மாவட்டத்தின்ர பேர் திகாமடுல்ல, அம்பாறை எண்டது நிர்வாக மாவட்டம், அதையும் ஒருக்கா மேடம் கேட்டு அக்கரைப்பற்றுப் பிள்ளையே முழிச்சது.

ஸ்டெப் 9: குப்பியும் பிரசென்டேசனும்

குப்பி, அதான் பெடியள் தங்களுக்குள்ள கூடிப் படிப்பிக்கிற வகுப்பு, நல்லதுதான், ஆனா சீனியர் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதுற குப்பியால பிரயோசனம் குறைவு. நாங்க நாலு பேர் சேந்து கல்லடிக் கடக்கரைல பின்னேரத்துல இருந்து, ஒருத்தன் மேடமா நடிச்சு "ஏன்?" "ஆர் சொன்னது?" எண்டு மட்டும் கேக்கிற குப்பி ஒண்டு வைச்சம், மூண்டாவது "ஏன்" க்கு மேல ஒருத்தனும் தாக்குப்பிடிக்க மாட்டான், அந்த இடத்ததான் வீட்ட போய் வாசிக்கணும். பிரசென்டேசனுக்கு ஸ்லைட்ட வாசிக்காதீங்க, இடையில நிப்பாட்டிக் கேள்வி கேப்பாங்க, பதில் தெரியாட்டி "தெரியல்ல மேடம், அடுத்த கிழமை பாத்துச் சொல்றன்" எண்டு சொல்லிட்டு கட்டாயம் அடுத்த கிழமை போய்ச் சொல்லுங்க. சுத்தி வளைச்சா அவ்வளவுதான்.

ஸ்டெப் 10: மேடத்தின்ர ரூமுக்குப் போங்க

இதத்தான் ஒருத்தரும் செய்ற இல்ல. நானும் முதல் வருசம் அந்தப் பக்கத்து வராந்தாவாலயே போகமாட்டன். ரிபீட் வந்தபிறகு 31 எடுத்த அசைன்மென்டயும் தூக்கிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்துப் போய்க் கதவத் தட்டினன். போகேக்குள்ள "மார்க்ஸ் ஏன் குறைவு?" எண்டு போகாதீங்க. நான் கேட்டது, "மேடம், இந்தப் பந்திய நான் திருத்தி எழுதியிருக்கன், இது சரியான திசைல போகுதா?" அரை மணித்தியாலம் இருத்தி விளங்கப்படுத்தினாங்க. பத்து நிமிசம் எண்டு கேட்டு நேரம் வாங்கி, திருத்தின ஒரு பந்தியும் ஒரே ஒரு கேள்வியும் கொண்டுபோங்க, போதும். இன்னொண்டு, மேடத்தின்ர கருத்த அப்பிடியே திருப்பி எழுதினா மார்க்ஸ் எண்டு ஒரு கதை உலாவும், சுத்தப் பொய். அவங்களுக்கு எதிரா எழுதின பிள்ளைக்குத்தான் எங்கட பெட்ச்ல ஆகக் கூடின மார்க்ஸ்.

ஸ்டெப் 11: கடைசிப் பேப்பர்

மூண்டு மணித்தியாலம், நாலு கேள்வி, கேள்விக்கு 45 நிமிசம். முதல் அஞ்சு நிமிசம் பேனைய வைச்சிட்டு யோசிங்க, விடையின்ர முதல் பந்தியிலயே உங்கட முடிவச் சொல்லிருங்க, துப்பறியும் கதை மாதிரி கடைசி வரைக்கும் ஒளிச்சு வைக்காதீங்க. இந்தப் பேப்பர்ல அதிகம் பேர் மார்க்ஸ விடுறது நாலாவது கேள்விய அரைகுறையா விட்டுத்தான், மூண்டு கேள்விக்கு பக்கம் பக்கமா எழுதி ஒரு கேள்விக்கு ஆறு வரி எழுதினா கணக்கு எப்பிடிப் பாத்தாலும் நட்டம். அடிசனல் பேப்பர் எத்தின வாங்கினன் எண்டு வெளிய வந்து பெருமை பேசுறவனோட சேராதீங்க, நான் முதல் தடவ ஏழு வாங்கினவன், டி.

ஸ்டெப் 12: ரிபீட் வந்தா

வந்தா வந்ததுதான். வீட்ட சொல்லிருங்க, ஒளிச்சா அது தனிப் பாரம். கூட்டல் பிழை எண்டு உண்மையாச் சந்தேகம் இருந்தா மீள்பரிசீலனைக்குப் போடுங்க, சும்மா ஆத்திரத்துல போடாதீங்க. ஜூனியர் பெட்சோட போய் இருக்க வெக்கமாத்தான் இருக்கும், முதல் ரெண்டு கிழமை நானும் பின் வாங்குல தலையக் குனிஞ்சு இருந்தன், மறுகா கூச்சம் போயிட்டு, ஜூனியர்மாரே அண்ணா அண்ணா எண்டு நோட்ஸ் கேட்டு வரத் துவங்கிட்டாங்க. லெக்சர விடாம எல்லாம் போங்க, அட்டென்டன்ஸ் தேவையில்லயெண்டாலும். முதல் நாள் மேடம் உள்ள வந்து அதே கேள்வியத்தான் கேப்பாங்க, நிறைவேற்று ஜனாதிபதி முறை எப்ப வந்தது எண்டு. உங்களுக்கு விடை தெரியும். கையத் தூக்கிராதீங்க, தம்பி தங்கச்சிமாரும் ஒருக்கா மாட்டட்டும்.